கூடாரத் துணிக்கு இப்பால்

ஸ்ட்ரெச்சரின் நீளம் ஏழரை அடி.
கூடார வாசலின் துணி
அதன் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.
முன்னால் பிடித்த பிரெண்டல் உள்ளே.
பின்னால் பிடித்த கசுபா வெளியே, பனியில்.
தலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொரியா. ஜனவரி.
மை உறைந்துவிட்டதால் எல்லாம் பென்சிலில்தான்.
தோட்டாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் வைத்திருக்கிறேன்
ரெஜிமென்ட்டின் சாவுக் கணக்கை.

புண் மார்பிலா முதுகிலா என்று
எங்கள் படிவம் கேட்பதில்லை.
அந்தக் கவலை எந்தக் காலத்து அரசனுக்கோ.
எங்களுக்கு வேண்டியது வாசல்.
மருத்துவர் கைக்கு வருமுன் மூச்சு நின்றால்
களத்தில் கொல்லப்பட்டவர்.
வந்தபின் நின்றால்
காயத்தால் இறந்தவர்.
லாரி கவிழ்ந்தவனுக்கு வேறு காகிதம்.
அடுப்புப் புகையில்
தூக்கத்திலேயே போய்விட்ட சமையல்காரர் இருவருக்கும்
அதே வேறு காகிதம்:
பகைவருக்குச் சம்பந்தமில்லாதது.
பகைவன் இல்லையென்றால்
இந்த மலையில் எவன் அடுப்பு மூட்டியிருப்பான்?
அதை எழுதக் கட்டத்தில் அகலம் போதாது.
காணாமற்போனவர்களை மட்டும்
லேசாக எழுதுவேன்,
அழிக்க வசதியாக.

இவன் பெயர் லேலண்ட் நெஸ்டிங்கன்.
இருபது வயது, வடக்கு டகோட்டா.
பிரெண்டல் சொன்னான்:
'உள்ளே வந்தது கால்தான்.
பூட்ஸைத்தான் பார்த்தேன், கார்ப்பரல்.
பூட்ஸைப் பார்த்து என்ன சொல்வது?'
கசுபா சொன்னான்:
'தலை என் பக்கம்.
வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.
துணி என் கையில் உரசும்வரை வந்தது.'
'உரசிய பிறகு?'
'உள்ளே விளக்கு வெளிச்சம். கண் கூசியது.'

கேப்டன் ஹார்க்னஸ் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
'இன்றிரவு ஒன்பது போர்வை செலவாகியிருக்கிறது.
எட்டுப் பெயர் வைத்திருக்கிறாய்.
எனக்கு ஒன்பது வேண்டும்.'
காயத்தால் இறந்தவர், நான்கு இருபது என்று எழுதினேன்.
பென்சில் முனை ஒடிந்தது.
அது அடிக்கடி ஒடியும்.

மார்ச்சில் அவன் அப்பாவின் கடிதம் வந்தது.
ரயிலடித் தானியக் கிடங்கில்
கோதுமைக்குத் தரம் போடுகிறவராம்.
'பக்கத்துப் பண்ணை ஹால்வோர் மகனுக்குக்
களத்தில் என்று வந்திருக்கிறது.
என் மகனுக்குக் காயத்தால் என்று.
இருவரும் ஒரே பேருந்தில் போனவர்கள்.
குறை சொல்லக் கேட்கவில்லை, ஐயா.
சல்லடைக் கண்ணில் பாதி இறங்கி
பாதி நிற்கிற மணி எங்களுக்கும் வரும்.
விளிம்பில் ஒரு தட்டு.
எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தத் தரம்.
உங்கள் வழக்கம் என்ன?
அவன் அம்மாவுக்கு அதைச் சொல்லத் தெரியவேண்டும்.'

பதில்களுக்கு அச்சடித்த தாள் உண்டு.
அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
'நாங்களும் தட்டித்தான் விடுகிறோம்.'
லெப்டினன்ட் நீல மையால் அதை அடித்தார்.
(மை அப்போது இளகியிருந்தது.)
எஞ்சியது தேதியும் அவர் கையொப்பமும்.
அப்படியே தபாலில் போயிற்று.

ஏப்ரலில் ஒரு காலை
சேறு அப்பிய காலோடு கசுபா வந்து நின்றான்.
'அன்று நான் சொன்னதை மாற்ற முடியுமா?'
'எதை?'
'அந்த ஆவியை.
மேட்டில் முக்கி முக்கித் தூக்கி வந்தேன்.
குனிந்திருந்தேன்.
என் வாய்க்கு நேர் கீழே அவன் வாய்.
அந்தக் குளிரில்...
அது என்னுடையதாகவும் இருந்திருக்கலாம்.'

கோப்பு டோக்கியோ போய்விட்டது என்றேன்.
சரி என்றான்.
போகாமல் நின்றான்.
இன்னும் எதையோ சொல்ல வாய் திறந்தான்.
வெயில் ஏறிவிட்டிருந்தது.
அவன் வாயிலிருந்து
எதுவும் புகைந்து வரவில்லை.